பேஸ் கிட்டார், வால்வு ஆம்ப்ளிபயர், உங்கள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பேஸ் கிட்டார் பழகும் ஒருவர் இருந்தால், அவர் முதலில் செய்து பார்ப்பது என்னவென்று எளிதாகச் சொல்லிவிடலாம். கிட்டார் ஒயரின் பெரிய பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் செருகுவார். கம்பியைத் தட்டினால் ஓசை சற்றுத் தாமதமாக வரும். வருகிற ஓசையிலும் அந்தக் கனமான "கும்" இருக்காது. உடனே கம்ப்யூட்டர் சரியில்லை என்றோ, கிட்டார் சரியில்லை என்றோ முடிவு கட்டிவிடுவார்.

உண்மையில் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சில பொருட்கள்தான் இல்லை. அவற்றில் முக்கியமானது ஆம்ப்ளிபயர். பேஸ் வாசிப்பவர்கள் பலர் 50, 60 ஆண்டுகள் பழமையான வால்வு ஆம்ப்ளிபயர்களை இன்றும் தேடி அலைகிறார்கள். அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது? அதே ஓசையைக் கம்ப்யூட்டரில் பெற முடியுமா? பழைய ஆம்ப்ளிபயர் ஒன்று கைக்கு வந்தால் எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேஸ் ஓசை எங்கே போகிறது?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ். மற்ற மூன்று கம்பிகளும் 55, 73, 98 ஹெர்ட்ஸ். லேப்டாப்பில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களால் இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. பெரும்பாலானவை 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தாலே திணறிவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் இளையராஜாவின் 1980களின் பாடல் ஒன்றை முதலில் லேப்டாப் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு அதையே நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனில் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுவது போல் இருக்கும். அதுதான் பேஸ்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? லேப்டாப்பில் கேட்டபோதும் பேஸ் முழுவதுமாக மறைந்துவிடவில்லை. எந்த சுரம் வாசிக்கப்படுகிறது என்பது ஓரளவு தெரிந்திருக்கும். காரணம், 41 ஹெர்ட்ஸில் அதிரும் கம்பி அதனுடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இவற்றை ஹார்மானிக்ஸ் என்கிறோம். அடிப்படை ஒலி காதில் விழாவிட்டாலும், ஹார்மானிக்ஸை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆம்ப்ளிபயர்களின் ரகசியத்தில் பாதி இதுதான்.

அடுத்தது மைக் சாக்கெட். பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் கிட்டாரின் பிக்கப் மிக மெல்லிய சிக்னலைத் தருகிறது. அதை வாங்கும் கருவியின் இன்புட் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம் இருக்க வேண்டும். மைக் சாக்கெட்டில் சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். இதனால் சிக்னலின் வலு குறைகிறது. மேல் ஒலிகளின் கூர்மையும் போய்விடுகிறது. ஆக, மைக் சாக்கெட் மேலே வெட்டுகிறது. லேப்டாப் ஸ்பீக்கர் கீழே வெட்டுகிறது. நடுவில் மிஞ்சியதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

ஆம்ப்ளிபயர் பிறந்த கதை

ஆளுயர டபுள் பேஸ்தான் முதலில் இருந்தது. டிரம்ஸ், டிரம்பெட் நடுவே அதன் ஓசை அமுங்கிப் போயிற்று. அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற இசைக் கலைஞர், டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் முளைக்குள் மைக் பொருத்தும் யோசனையை 1940களில் செயல்படுத்தினார். ஆம்ப்ளிபை, பெக் என்ற இரு சொற்களையும் சேர்த்து ஆம்பெக் என்று பெயர் வைத்தார். பின்னர் பேஸ் ஆம்ப்ளிபயர்களுக்கே பெயர் போன கம்பெனியாக அது வளர்ந்தது.

1951ல் லியோ பெண்டர் தமது பிரிசிஷன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கென்றே ஓர் ஆம்ப்ளிபயர் தேவைப்பட்டதால் 1952ல் பேஸ்மேன் வந்தது. அதில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சில ஆண்டுகளில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களாக மாறியது. வேடிக்கை என்னவென்றால், பேஸுக்காகச் செய்த இந்தப் பெட்டியைச் சாதாரண கிட்டார்காரர்கள்தான் அதிகம் விரும்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த முதல் ஆம்ப்ளிபயர், பேஸ்மேனின் சர்க்யூட்டைப் பின்பற்றியதுதான்.

1960ல் ஆம்பெக் கம்பெனியின் பி-15 போர்ட்டாபிளெக்ஸ் வந்தது. ஜெஸ் ஆலிவர் வடிவமைத்தது. வாசிக்கும்போது ஆம்ப்ளிபயர் பெட்டியின் மேல் நிற்கும். வேலை முடிந்ததும் மூடியோடு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம். சக்தி சுமார் 25 வாட்ஸ்தான். அறைக்குள் வாசிக்கவும், ஸ்டூடியோவில் பதிவு செய்யவும் இதைவிட இனிமையானது இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

ராக் இசை பெரிய அரங்குகளுக்கும் மைதானங்களுக்கும் போனபோது 25 வாட்ஸ் போதவில்லை. 1969ல் ஆம்பெக் எஸ்.வி.டி. வந்தது. 300 வாட்ஸ், 14 வால்வுகள். ஆம்ப்ளிபயர் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதனுடன் சேரும் எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இதன் சோதனை மாடல்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

பழையது என்றாலே வால்வு என்று நினைத்துவிட வேண்டாம். 1960களின் கடைசியில் வந்த அகூஸ்டிக் 360 முழுக்க டிரான்சிஸ்டரால் ஆனது. புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது அதில்தான்.

பழையதற்கு ஏன் இந்த மவுசு?

தாத்தா காலத்து வால்வு ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் பாடாது. வால்வு சூடாக வேண்டும். ஆம்ப்ளிபயர் வால்வும் அதே வகைதான். ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டுக்குத் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் கொடுத்தால், அலையின் உச்சியைக் கத்தியால் வெட்டியது போல் வெட்டிவிடும். காதுக்கு அது கரகரப்பு. வால்வு அப்படிச் செய்வதில்லை. உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி உருட்டிவிடும். அப்போது புதிய ஹார்மானிக்ஸ் சேர்கின்றன.

இப்போது முன்பு சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுரத்தை மூளை அடையாளம் காண்பது ஹார்மானிக்ஸை வைத்து. வால்வு அவற்றைக் கூட்டித் தருவதால், டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து முழங்கும்போதும் பேஸ் தனியாகத் தெரிகிறது. சிறிய ரேடியோ ஸ்பீக்கரில்கூடத் தெரிகிறது. பழைய இசைத்தட்டுகளில் பேஸ் "வெதுவெதுப்பாக" இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம் இது.

இரண்டாவது காரணம் ஸ்பீக்கர் பெட்டி. எஸ்.வி.டி.யின் எட்டு ஸ்பீக்கர் பெட்டி காற்று புகாமல் மூடப்பட்டது. சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி படிப்படியாகக் குறைந்துவிடும். மேலே ஐந்தாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினாலும் அப்படியே. அளவுகோல் வைத்துப் பார்த்தால் இது குறைபாடு. ஆனால் மிகத் தாழ்ந்த ஒலிகள் அரங்கில் குழம்பிப் போவதையும், விரல் கம்பியில் உரசும் சத்தத்தையும் அந்தக் குறைபாடே மட்டுப்படுத்திவிடுகிறது.

பழைய ஆம்ப்ளிபயர்கள் சிக்னலைத் துல்லியமாக அப்படியே பெரிதாக்கியிருந்தால் யாரும் இன்று தேடமாட்டார்கள். அவை சிக்னலை மாற்றின. மாற்றிய விதம் காதுக்குப் பிடித்துவிட்டது. எனவே கம்ப்யூட்டர் நகல் எடுக்க வேண்டியது 300 வாட்ஸ் சக்தியை அல்ல. அந்த மாற்றத்தை மட்டும் நகல் எடுத்தால் போதும்.

கம்ப்யூட்டர் எப்படி நகல் எடுக்கிறது?

ஆம்ப்ளிபயருக்கு முன்னால் மைக் வைக்காமல் பேஸைப் பதிவு செய்வது புதிய பழக்கம் அல்ல. 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் பெரும்பாலும் நேரடியாக மிக்ஸிங் கன்சோலுக்குத்தான் போயிற்று. இன்று அந்தக் கன்சோலின் இடத்தில் உங்கள் கம்ப்யூட்டர் இருக்கிறது.

ஆம்ப்ளிபயரை நகல் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சர்க்யூட்டில் உள்ள வால்வு, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாவற்றின் நடத்தையையும் கணக்காக எழுதி, நொடிக்கு 44,100 முறை கணக்கிடுவது. 2002ல் வந்த ஆம்ப்ளிட்யூப், 2004ல் வந்த கிட்டார் ரிக் போன்ற சாப்ட்வேர்கள் இந்த வகையைப் பிரபலமாக்கின. 2006ல் ஆம்பெக் ஆம்ப்ளிபயர்களுக்கென்றே ஒரு சாப்ட்வேர் வந்தது.

இரண்டாவது வழி, சர்க்யூட்டுக்குள் போகாமலே நகல் எடுப்பது. ஒரு சோதனை ஒலியைச் சில நிமிடம் உண்மையான ஆம்ப்ளிபயருக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்கிறார்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டு, கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச சாப்ட்வேர் இந்த வகை. பலரும் தங்களிடம் உள்ள பழைய ஆம்ப்ளிபயர்களை இப்படி நகல் எடுத்து இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நகல் எடுத்தபோது ஆம்ப்ளிபயரின் திருகுகள் எந்த அளவில் இருந்தனவோ, அந்த ஒரு நிலைதான் பைலில் இருக்கும்.

ஸ்பீக்கர் பெட்டிக்குத் தனி ஏற்பாடு. ஒரு குறுகிய ஒலிக்கு ஸ்பீக்கர், பெட்டி, மைக் மூன்றும் சேர்ந்து எப்படிப் பதில் சொல்கின்றன என்பதைச் சிறிய வேவ் பைலாகச் சேமிக்கிறார்கள். இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். சுருக்கமாக ஐ.ஆர். புதியவர்கள் பலர் ஆம்ப்ளிபயர் நகலை மட்டும் போட்டுவிட்டு ஐ.ஆர். பைலைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஓசை உலோகத்தைச் சுரண்டுவது போல் இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

என்னென்ன தேவை?

யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வேண்டும். வாங்கும்போது "இன்ஸ்ட்ருமென்ட்" அல்லது "ஹை-இசட்" இன்புட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 10 லட்சம் ஓம் மின்தடை தேவை என்றோமே, அது இங்கேதான் கிடைக்கும். அடுத்தது ஒயர் உள்ள நல்ல ஹெட்போன். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஓசை மிகவும் தாமதமாக வரும். மூன்றாவது, பதிவு செய்யும் சாப்ட்வேர். விண்டோஸில் ரீப்பர் நல்ல தேர்வு. 60 நாட்கள் பணம் கட்டாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் காரேஜ்பேண்ட் இலவசம். பேஸ் ஆம்ப்ளிபயர் நகல்களும் அதிலேயே உண்டு.

விண்டோஸில் செய்ய வேண்டியது:

1. இன்டர்பேஸ் கம்பெனியின் இணையதளத்திலிருந்து அதற்குரிய ஏசியோ டிரைவரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. ரீப்பரில் ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் திறந்து, ஆடியோ பகுதியில் டிவைஸ் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். ஏசியோ என்று தேர்ந்தெடுத்து, உங்கள் இன்டர்பேஸ் பெயரைக் கொடுங்கள்.

3. கண்ட்ரோல் கீயுடன் டி அழுத்தினால் புதிய டிராக் வரும். அதில் சிவப்பு நிற ரெக்கார்டு பட்டனை அழுத்தி, பேஸ் செருகிய இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள்.

4. மிக வலுவாக வாசிக்கும்போதுகூட மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்குமாறு இன்டர்பேஸின் கெயின் திருகைச் சரிசெய்யுங்கள். சிவப்பு விளக்கு எரியவே கூடாது. வால்வைப் போலக் கம்ப்யூட்டர் உச்சியை உருட்டாது, வெட்டிவிடும்.

5. டிராக்கில் எப்.எக்ஸ். பட்டனை அழுத்தி ஆம்ப்ளிபயர் சாப்ட்வேரைச் சேருங்கள். பிறகு ஐ.ஆர். பைலை அதில் திறந்துகொள்ளுங்கள்.

ஒரு வசதியைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்கில் பதிவாவது ஆம்ப்ளிபயர் சேராத வெறும் பேஸ் ஓசை. எனவே இன்று பி-15 நகலில் வாசித்துவிட்டு, நாளை அதே பதிவை எஸ்.வி.டி. நகலில் கேட்கலாம். இடமும் அதிகம் தேவைப்படாது. 24 பிட், 44,100 வீதத்தில் ஒரு நிமிடத்துக்கு சுமார் 8 எம்.பி.தான்.

தாமதம் என்ற தலைவலி

கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாகக் கையாள்வதில்லை. ஒரு வாளி நிறைந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. இந்த வாளிதான் பபர். 1024 சாம்பிள் வாளி நிறைய 23 மில்லி செகண்ட் ஆகும். 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி செகண்ட்தான்.

ஒலி காற்றில் ஒரு மீட்டர் தூரம் போவதற்கும் ஏறக்குறைய 2.9 மில்லி செகண்ட் ஆகிறது. எனவே 128 சாம்பிள் வாளி ஒன்றின் தாமதம், ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி, மற்ற வேலைகளுக்குச் சற்று நேரம் என்று சேர்த்தாலும் மூன்று நான்கு மீட்டர்தான். மேடையில் எல்லோரும் பழகிய தூரம் இது. 1024 சாம்பிளில் அதே கணக்கு 16 மீட்டரைத் தாண்டும். அதனால்தான் தாளம் தடுமாறுகிறது.

ஏசியோ டிரைவர் அமைப்பில் பபரை 128 என்று வைத்துப் பாருங்கள். டப்டப் என்று வெடிக்கும் சத்தம் வந்தால் கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். 256 ஆக்குங்கள்.

இவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள்

பழைய ஆம்ப்ளிபயர் ஒன்று உங்களிடம் இருந்தாலோ, வாங்கும் எண்ணம் இருந்தாலோ இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். இதில் தவறினால் கருவி மட்டும் அல்ல, உயிரும் போகலாம்.

முதலாவது, ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் அவுட்புட்டைக் கம்ப்யூட்டரிலோ இன்டர்பேஸிலோ செருகாதீர்கள். 300 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுமார் 35 வோல்ட் தருகிறது. கம்ப்யூட்டரின் லைன் இன்புட் எதிர்பார்ப்பது ஓரிரு வோல்ட்தான். பின் ஒரே மாதிரி இருக்கிறதே என்று செருகினால் அந்த நொடியிலேயே எரிந்துபோகலாம். லைன் அவுட் அல்லது டி.ஐ. அவுட் என்று எழுதியிருந்தால் மட்டும் இணையுங்கள்.

இரண்டாவது, வால்வு ஆம்ப்ளிபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் வால்வுகளும் பழுதாகிவிடும். ராத்திரியில் சத்தம் கேட்கக் கூடாது என்று ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு வாசிப்பது மிகவும் தவறு.

மூன்றாவது, அமெரிக்காவில் விற்ற பழைய ஆம்ப்ளிபயர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். போதிய வாட்ஸ் உள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் அவசியம்.

நான்காவது, எர்த். 1950, 60களின் அமெரிக்க ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான். எர்த் ஒயர் கிடையாது. மெயின் கரண்டுக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது பழுதானால் பெட்டிக்கும், அதன் வழியாகக் கிட்டார் கம்பிக்கும் கரண்ட் வந்துவிடலாம். ஒரு கை கம்பியிலும் மறு கை எர்த் ஆன கம்ப்யூட்டர் கேபினெட்டிலும் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு மூன்று பின் ஒயர் போட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, பெட்டியைத் திறக்காதீர்கள். எஸ்.வி.டி. போன்றவற்றுக்குள் சுமார் 700 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

அப்படியானால் பழைய ஆம்ப்ளிபயர் வாங்கலாமா?

மேடையில் வாசிப்பவருக்கு வால்வு ஆம்ப்ளிபயர் முன்னால் நிற்கும் அனுபவமே தனி. ஸ்பீக்கர் தள்ளும் காற்று கால்சட்டையை அசைப்பதை எந்த ஹெட்போனாலும் தர முடியாது. ஆனால் மேடைக்கும்கூட இன்று மூன்று கிலோ எடையில் பல நூறு வாட்ஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிபயர்கள் வந்துவிட்டன. வால்வுக்குத் தேய்மானம் உண்டு. அவ்வப்போது மாற்ற வேண்டும். பல ஆண்டுகளான கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோயிருக்கும். வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

வீட்டில் பழகுகிறவருக்கு வழி எளிது. ஓர் இன்டர்பேஸ், ஒரு ஹெட்போன், இலவச சாப்ட்வேர் இவற்றோடு தொடங்குங்கள். 1960ன் பி-15 நகலையும் 1969ன் எஸ்.வி.டி. நகலையும் மாற்றி மாற்றி ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். எந்த ஓசை உங்கள் விரலுக்குப் பொருந்துகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகும் அந்தப் பெட்டிதான் வேண்டும் என்று தோன்றினால், என்ன வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குவீர்கள்.